வரி கட்டுபவர் கேட்க வேண்டிய கணக்கு

ஒரு நகரத்தின் வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிப்பவர் யார், அதை விவாதிப்பவர் யார், அதற்கு ஒப்புதல் தருபவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே விடை கிடைக்குமானால், அங்கே நடப்பதை மக்களாட்சி என்று அழைக்க முடியாது. பெங்களூரு மாநகராட்சியில் 2021 தொடங்கி 2025 வரை தாக்கலான ஐந்து வரவு செலவுத் திட்டங்களுக்கும் "அரசு அதிகாரிகள்" என்ற ஒரே விடைதான். அவர்களே எழுதினார்கள், அவர்களே வாசித்தார்கள், அவர்களே செலவிட்டார்கள். எதிரே அமர்ந்து "ஏன்?" என்று கேட்க ஒரு மாமன்ற உறுப்பினர்கூட இல்லை.

பெருநகர் பெங்களூரு மாநகராட்சி மாமன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பர் 10ஆம் தேதி முடிந்தது. 198 வார்டுகளுக்குத் தேர்தலை நடத்துமாறு கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில் உத்தரவிட்டது. அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பிறகு வார்டுகளின் எண்ணிக்கை 2022இல் 243 ஆனது. ஆட்சி மாறியதும் 2023இல் 225 ஆகக் குறைந்தது. மாநகராட்சியே 2025இல் ஐந்தாகப் பிரிக்கப்பட்டபோது 369 ஆனது. இந்த ஐந்தாண்டுகளிலும் வார்டுகளின் எண்ணிக்கைதான் மாறிக்கொண்டே இருந்தது. உறுப்பினர்களின் எண்ணிக்கை பூஜ்யத்தைத் தாண்டவில்லை. கடைசியில், 2026 ஜூன் 30ஆம் தேதிக்குள் தேர்தலை முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2026 ஜனவரியில் கெடு விதிக்க நேர்ந்தது.

இது ஒரு கட்சியின் குற்றம் அல்ல. 2006 நவம்பர் முதல் 2010 ஏப்ரல் வரையிலும் பெங்களூரில் மாமன்றம் இல்லை. 2006 முதல் 2025 வரையிலான காலத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அந்த நகரம் நிர்வாகிகளின் கையில் இருந்திருக்கிறது. காங்கிரஸ், பாரதிய ஜனதா, மதச்சார்பற்ற ஜனதா தளம் ஆகிய மூன்று கட்சிகளும் அந்தக் காலத்தில் மாநிலத்தை ஆண்டிருக்கின்றன. எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது "உடனே தேர்தல் நடத்து" என்று முழங்குவதும், கோட்டைக்குள் நுழைந்ததும் வார்டு மறுவரையறை என்ற போர்வைக்குள் புகுந்துகொள்வதும் அங்கே வாடிக்கையாகிவிட்டது. வார்டு மறுவரையறையையும் இட ஒதுக்கீட்டையும் காரணம் காட்டி உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடக் கூடாது என்பதை, ஆமதாபாத் மாநகராட்சி தொடர்பான வழக்கில் 2006லேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. தீர்ப்பைத் தெரிந்துகொண்டே மீறுவதற்குத் துணிவு வேண்டும். அது எல்லாக் கட்சிகளிடமும் இருக்கிறது.

கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் பணம் எப்படிச் செலவாகும்? மாநகராட்சியின் 2025-26 வரவு செலவுத் திட்டத்தின் மொத்த மதிப்பு சுமார் 19,900 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டில் அது ஏறத்தாழ 12,370 கோடி. ஒரே ஆண்டில் இப்படி ஒரு தாவல் ஏன் என்பதற்கு மன்றத்தில் விவாதம் இல்லை. ஹெப்பாளில் தொடங்கி சில்க் போர்டு சந்திப்பு வரை சுமார் 17 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட சுரங்கச் சாலையின் மதிப்பீடு மட்டும் 17,000 கோடியைத் தாண்டியது. நகரத்தின் ஓராண்டு மொத்தச் செலவில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலான தொகை அது. சொந்தக் கார் இல்லாதவருக்கு அதனால் என்ன பயன், அந்தப் பணத்தில் எத்தனை பேருந்துகள் வாங்கலாம், மழைநீர் வடிகால்களைச் சீரமைத்தால் எத்தனை குடியிருப்புகள் வெள்ளத்திலிருந்து தப்பும் என்பவை நகரவாசிகள் கேட்ட கேள்விகள். அவை பத்திரிகைகளிலும் தெருமுனைகளிலும் நீதிமன்றத்திலும் ஒலித்தன. ஒலித்திருக்க வேண்டிய மாமன்றத்தில் மட்டும் ஒலிக்கவில்லை.

பெரிய திட்டங்கள் இருக்கட்டும். தொம்மலூரிலிருந்து கோரமங்களாவுக்குப் போகும் உள்வட்டச் சாலையில் சென்றவர்களுக்கு ஈஜிபுரா மேம்பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டரை கிலோமீட்டர் நீளம். பணி தொடங்கியது 2017இல். ஒப்பந்தம் 2022இல் ரத்தானது. புதிய ஒப்பந்ததாரர் 2023இல் வந்தார். 2025இலும் பாலம் முழுமை பெறவில்லை. இடைப்பட்ட காலத்தில் தூசியைச் சுவாசித்தவர்களும் நெரிசலில் நின்றவர்களும் சொத்து வரியை மட்டும் தவறாமல் செலுத்தியிருக்கிறார்கள். 2024-25இல் மாநகராட்சி வசூலித்த சொத்து வரி ஏறத்தாழ 4,900 கோடி ரூபாய். வரி கேட்டு நோட்டீஸ் வருகிறது. பாலம் எங்கே என்று கேட்டு வாக்காளர் அனுப்பும் நோட்டீஸை வாங்கிக்கொள்ள ஒரு முகவரி வேண்டாமா?

மாமன்றம் இருந்தபோது மட்டும் எல்லாம் சரியாக நடந்ததா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2015 ஆகஸ்டில் நடந்த தேர்தலில் 198 இடங்களில் பா.ஜ.க. 100, காங்கிரஸ் 76, மதச்சார்பற்ற ஜனதா தளம் 14, மற்றவர்கள் 8 இடங்களில் வென்றனர். ஆனால் மேயரானவர் காங்கிரஸைச் சேர்ந்த மஞ்சுநாத ரெட்டி. மேயர் தேர்தலில் நாடாளுமன்ற, சட்டமன்ற, மேலவை உறுப்பினர்களுக்கும் வாக்கு உண்டு என்பதால் கணக்கு மாறியது; சுயேச்சைகளின் ஆதரவு அதை முடித்துவைத்தது. தொம்மலூர் வார்டு மக்கள் தேர்ந்தெடுத்ததும் ஒரு சுயேச்சையைத்தான். சுயேச்சை உறுப்பினர்கள் கேரளத்தில் உள்ள விடுதிக்கு அழைத்துச் செல்லப்பட்டதையும், நிலைக்குழுத் தலைவர் பதவிகளைச் சுற்றி நடந்த பேரத்தையும் அன்றைய நாளேடுகள் விரிவாகவே எழுதின. தொம்மலூர் வாக்காளரின் ஒரு வாக்கு நகரத்தின் மேயரைத் தீர்மானிக்க உதவியது. அந்த மேயர் எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு செலவிடுவார் என்று கேட்கும் வாய்ப்பு மட்டும் அந்த வாக்காளருக்குக் கிடைக்கவில்லை.

இந்த நிலையை மாற்றத்தான் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த நகராட்சி மசோதா 1989 அக்டோபரில் மாநிலங்களவையில் சில வாக்குகளில் தோற்றது. மாநிலங்களின் அதிகாரத்தில் மத்திய அரசு கை வைக்கிறது என்பது அன்றைய எதிர்ப்பின் சாரம். பிறகு நரசிம்ம ராவ் ஆட்சியில், 1992 டிசம்பரில் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறி, 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுப் பதவிக்காலம், அது முடிவதற்குள் தேர்தல், பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பணிகள், வார்டு குழுக்கள், மாநில நிதி ஆணையம் என எழுத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் 18 மாநிலங்களில் ஆய்வு செய்து தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2024இல் வெளியிட்ட தொகுப்பு அறிக்கை, சட்டப்படி 17 பணிகள் ஒப்படைக்கப்பட்டிருந்தாலும் முழுத் தன்னாட்சியுடன் நகராட்சிகளின் கைக்கு வந்தவை நான்கே என்று கூறியது. டெல்லியிடம் அதிகாரப் பகிர்வு கேட்கும் மாநிலங்கள், தங்கள் நகரங்களிடம் டெல்லியைப் போலவே நடந்துகொள்கின்றன. மாநில சுயாட்சியைப் பேசிப் பழகிய நமக்கு இந்த முரண் உறுத்த வேண்டும்.

பெங்களூரில் குடிநீருக்கு ஒரு வாரியம், மனை வளர்ச்சிக்கு ஓர் ஆணையம், பேருந்துக்கு ஒரு கழகம், மெட்ரோவுக்கு ஒரு நிறுவனம் என எல்லாம் மாநில அரசின் பிடியில் இருக்கின்றன. 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த பெருநகர் பெங்களூரு ஆளுகைச் சட்டம் ஐந்து மாநகராட்சிகளை உருவாக்கி, அவற்றுக்கு மேலே முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட ஓர் ஆணையத்தை அமர்த்தியது. தொம்மலூர் இப்போது 63 வார்டுகள் கொண்ட பெங்களூரு மத்திய மாநகராட்சியின் எல்லைக்குள் வருகிறது. மாநகராட்சி சிறியதானால் மக்களுக்கு நெருக்கமாகும் என்ற வாதத்தில் உண்மை இருக்கலாம். ஆனால் நிர்வாக அதிகாரம் ஆணையரிடம், பெரிய திட்டங்கள் முதலமைச்சரின் ஆணையத்திடம் என்றால், மேயரிடம் மிஞ்சுவது அங்கியும் செங்கோலும்தானா?

நியூயார்க் நகரத்தை எடுத்துக்கொள்வோம். 2025 நவம்பரில் அங்கே நடந்த மேயர் தேர்தலுக்கு முன், ஜோரான் மம்தானி, ஆண்ட்ரூ குவோமோ, கர்டிஸ் ஸ்லிவா ஆகிய மூவரும் அக்டோபரில் தொலைக்காட்சி விவாதங்களில் நேருக்கு நேர் நின்றனர். பிரசாரத்துக்குப் பொதுப்பணம் பெறும் மேயர் வேட்பாளர் விவாதத்தில் கலந்துகொள்ள வேண்டும் என்பது அந்த நகரத்தின் சட்டம். இலவசப் பேருந்து, குழந்தைகள் காப்பகம், வாடகை உயர்வுக்குத் தடை என்று மம்தானி அறிவித்தபோது, "பணம் எங்கிருந்து வரும்? வரியை உயர்த்த மாநில அரசின் ஒப்புதல் வேண்டுமே?" என்று எதிராளிகள் குடைந்தெடுத்தனர். அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பதிலை ஏற்பதும் மறுப்பதும் வாக்காளரின் உரிமை. ஆனால் கேள்வியும் பதிலும் வாக்குப்பதிவுக்கு முன்பே பதிவாகிவிட்டன. அங்கும் மாநில அரசைக் கேட்காமல் மேயர் எல்லாவற்றையும் செய்துவிட முடியாது. அதிகாரத்தின் எல்லை எது என்பதும் அந்த விவாதத்திலேயே மக்களுக்குப் புரிந்தது.

அப்படியானால் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் போதுமா? தமிழ்நாட்டின் அனுபவம் நமக்குப் பாடம். சென்னையில் 1996இலும் 2001இலும் மு.க. ஸ்டாலின் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2006இல் மறைமுகத் தேர்தல் வந்தது. 2011இல் மீண்டும் நேரடித் தேர்தல். 2016இல் சட்டம் மாறியது, 2018இல் திரும்பவும் மாறியது, 2019 நவம்பரில் அவசரச் சட்டத்தால் இன்னொரு முறை மாறியது. இதற்கிடையே 2016 அக்டோபர் முதல் 2022 வரை சென்னைக்கு மாமன்றமே இல்லை. யாருக்கு எப்போது எது வசதியோ அதுவே விதியானது. நேரடியாக வென்ற மேயருக்கும் மன்றப் பெரும்பான்மைக்கும் மோதல் வந்தால் நிர்வாகம் முடங்கும் என்ற அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. நேரடித் தேர்தல் நல்லதே. ஆனால் அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இருக்கும் சட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடியவை உண்டு.

முதலாவதாக, மேயர் பதவி எந்தப் பிரிவினருக்கு ஒதுக்கப்படுகிறது என்பதை வேட்புமனுத் தாக்கலுக்கு முன்பே அரசு அறிவிக்க வேண்டும். சுழற்சி முறை இட ஒதுக்கீடு சமூக நீதிக்கு அவசியம். அதில் இரண்டு கருத்து இல்லை. அதைக் கடைசி நேரம் வரை மூடிவைப்பதுதான் தவறு. பெளகாவியில் 2021 செப்டம்பரில் மாநகராட்சித் தேர்தல் நடந்தும், 2023 பிப்ரவரியில்தான் மேயர் தேர்வானார் என்பதை மறக்கலாகாது. ஒதுக்கீடு முன்பே தெரிந்தால், ஒவ்வொரு கட்சியும் தன் மேயர் வேட்பாளர் யார் என்று சொல்லித்தான் வாக்குக் கேட்க வேண்டியிருக்கும்.

இரண்டாவதாக, அந்த வேட்பாளர்கள் ஒரே மேடையில் நகரத்தின் செலவுகளைப் பற்றி விவாதிக்க வேண்டும். சொத்து வரியை உயர்த்துவீர்களா, குப்பைக் கட்டணத்தை எப்படி நிர்ணயிப்பீர்கள், சுரங்கச் சாலை வேண்டும் என்பீர்களா, நடைபாதை வேண்டும் என்பீர்களா, மாநில அரசு மறுத்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று பதில் வர வேண்டும். இடத்துக்குப் பஞ்சமில்லை. தொம்மலூரில் உள்ள பெங்களூர் சர்வதேச மையம் போன்ற அரங்குகள் பொது விவாதங்களுக்குப் பழகியவை. ஆனால் குளிரூட்டிய அரங்கில் ஆங்கிலத்தில் நடக்கும் விவாதம் அடுக்குமாடிக் குடியிருப்புகளை மட்டுமே எட்டும். தொழில்நுட்பப் பூங்காவும் பழைய கிராமத்துச் சந்துகளும் அருகருகே இருக்கும் ஊர் தொம்மலூர். குடிநீர் லாரிக்குக் காத்திருப்பவருக்கும் தெருவைக் கூட்டுபவருக்கும் அந்த விவாதம் புரிய வேண்டுமானால், அது கன்னடத்தில் நடந்து, தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் தெருவுக்கு வர வேண்டும். நகரத்தின் பணம் எப்படிச் செலவாகிறது என்பதில் அதிகம் பாதிக்கப்படுபவர்கள் அவர்கள்தான்.

மூன்றாவதாக, ஒவ்வொரு வார்டிலும் எந்தப் பணிக்கு எவ்வளவு ஒதுக்கீடு, யாருக்கு ஒப்பந்தம், எவ்வளவு பட்டுவாடா என்ற விவரங்கள் வார்டு அலுவலகத்தின் வாசலில் மக்கள் மொழிகளில் எழுதிவைக்கப்பட வேண்டும். வார்டு குழு மாதந்தோறும் கூடி அதைச் சரிபார்க்க வேண்டும். இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

இது நமக்குப் புதிதும் அல்ல. தொம்மலூரில் உள்ள சொக்கநாத சுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளில், 13ஆம் நூற்றாண்டிலேயே யார் எந்த நிலத்தைக் கொடுத்தார், எந்த வருவாய் கோயிலுக்கு விடப்பட்டது, நிலைக்கால்களைச் செய்து அளித்தவர் யார் என்பதெல்லாம் எல்லோரும் பார்க்கும்படி வெட்டப்பட்டிருக்கின்றன. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர் பெயர்கூட குடவோலையில் இடம்பெறக் கூடாது என்கிறது அது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த விதியை இன்றைய தேர்தலுக்குப் பொருத்தினால், எத்தனை வேட்புமனுக்கள் மிஞ்சும்?

நாடாளுமன்றத்தில் பல லட்சம் கோடி ரூபாய் மானியக் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் 'கில்லட்டின்' முறையில் நிறைவேறுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அங்கேயாவது எதிர்த்துக் குரல் எழுப்பச் சிலர் எஞ்சியிருக்கிறார்கள். பொதுக் கணக்குக் குழு இருக்கிறது. வீட்டு வாசலில் உள்ள சாக்கடைக்கும் தெரு விளக்கிற்கும் பொறுப்பான மன்றத்தை ஐந்தாண்டுகள் பூட்டிவைத்துவிட்டு வல்லரசுக் கனவு காண்பதில் பொருளில்லை. வாக்குக் கேட்டு வீடு தேடி வருபவரிடம் தொம்மலூர் வாக்காளரும், அவரைப் போலவே சென்னை, கோவை, மதுரை வாக்காளர்களும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: என் வரிப்பணத்தை எதற்குச் செலவிடுவாய்? அதற்குப் பதில் வைத்திருப்பவருக்கு மட்டுமே வாக்கு என்று மக்கள் முடிவெடுத்தால், விவாத மேடைக்குக் கட்சிகள் தாமாகவே வந்து சேரும்.