அந்த அட்டவணையைக் கிழித்துப் போடு, தம்பி



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் முழுக்கப் படியுங்கள். இல்லாதவர்கள் கடைசி நாலு பத்தியையாவது படித்துவிடுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வெளிநாட்டிலிருந்து பேசினான். பெயர் சொல்ல மாட்டேன். யாரென்று இங்கே துப்பறியும் வேலையில் யாரும் இறங்க வேண்டாம். விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக் குதிக்கும் விளையாட்டில் இருநூற்றுச் சொச்சம் தடவை குதித்து முடித்துவிட்டானாம். இப்போது விங்சூட் வாங்கப் போகிறானாம். ஓர் அட்டவணையை அனுப்பிவிட்டு, “சார், நீங்கதான பிசிக்ஸ் வாத்தியார். இதுல எது பெஸ்ட்னு பார்த்துச் சொல்லுங்க” என்றான்.

பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு உடைகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே வேகம், பறந்த நேரம், சறுக்கு விகிதம். தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வேறு! பல பேருடைய காணொளிகளிலிருந்து யாரோ எண்களைப் பொறுக்கி எடுத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணமும் அடித்திருக்கிறார்கள். இவனுடைய பயிற்சியாளர், “இன்னும் ஒரு வருஷம் சின்ன உடையிலேயே பற” என்கிறார். இவனோ அட்டவணையில் முதலிடத்தில் இருக்கும் பெரிய உடையைப் பழையதாக வாங்க முன்பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறான்.

என் சண்டை அந்த அட்டவணையோடுதான். நான் குதித்தவன் இல்லை. மொட்டைமாடிச் சுவர் ஓரம் நின்றாலே எனக்குக் கால் கூசும். ஆனால் ஓர் அளவை எப்படி எடுப்பது, எடுத்த அளவை எப்போது நம்பக் கூடாது என்பதை ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவன். சுழிப்பிழை பார்க்காமல் வெர்னியர் அளவை எழுதியவனுக்குச் செய்முறைத் தேர்வில் நான் என்ன மதிப்பெண் போட்டேன் என்று உங்களில் பலருக்கு இன்னும் நினைவிருக்கும்.

முதலில், தெரியாதவர்களுக்காக நாலு வரி. விங்சூட் என்பது கைக்கும் உடம்புக்கும் நடுவிலும், இரண்டு கால்களுக்கு நடுவிலும் துணி வைத்துத் தைத்த முழு உடை. துணி இரண்டு அடுக்கு. திறப்புகள் வழியே காற்று உள்ளே புகுந்து, தலையணை போல விறைத்து, இறக்கையாகிறது. சாதாரண உடையில் வயிறு கீழே இருக்க விழுபவரின் முற்றுத் திசைவேகம் மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். விங்சூட் போட்டவர் கீழிறங்கும் வேகம் அதில் மூன்றில் ஒரு பங்காகக்கூடக் குறையும். கூடவே முன்னோக்கியும் பாய்வார். 1 மீட்டர் இறங்குவதற்குள் எத்தனை மீட்டர் முன்னே போகிறார் என்பதுதான் சறுக்கு விகிதம். நன்றாகப் பறப்பவருக்கு 2.5 அல்லது 3. பாராகிளைடருக்கு 10 அளவில் வரும். 1983-இல் எரிபொருள் தீர்ந்து நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்றுபோன ஏர் கனடா போயிங் 767 கூட ஏறக்குறைய 12 என்ற விகிதத்தில் சறுக்கித்தான் கிம்லியில் இறங்கியது. ஆக, மனித உடம்பில் துணி கட்டி எவ்வளவு தைத்தாலும் அது நல்ல இறக்கை ஆகாது. இந்த லட்சணத்தில் 2.71-க்கும் 2.94-க்கும் வண்ணம் அடித்துப் போட்டி!

சரி, அந்த எண்கள் எப்படி வந்தன? ஹெல்மெட்டில் சின்ன ஜி.பி.எஸ். கருவி ஒன்றைப் பொருத்திக்கொள்கிறார்கள். அது காட்டுவது தரையைப் பொறுத்த வேகம். உடை பறப்பதோ காற்றில். ஓடும் ரயிலுக்குள் நடப்பவனின் வேகக் கணக்கை ஒன்பதாம் வகுப்பிலேயே போட்டோம்.

ஓர் உடை காற்றில்லாத நாளில் விநாடிக்கு 45 மீட்டர் முன்னே போய், 18 மீட்டர் இறங்குகிறது என்று வையுங்கள். விகிதம் 2.5. மேலே விநாடிக்கு 10 மீட்டர் காற்று முதுகுப் பக்கமிருந்து வீசினால், கருவி முன்வேகத்தை 55 என்று காட்டும். விகிதம் 3.1. அதே காற்று எதிரே வீசினால் 35. விகிதம் 1.9. அதே உடை, அதே ஆள், அதே நாள். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. இதில் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் எழுதியவரை நான் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்திருப்பேன்.

அடுத்தது, கடன் வாங்கிய ஆற்றல். விங்சூட்டில் முதலில் தலையைத் தாழ்த்திப் பாய்ந்து வேகம் சேர்த்துக்கொண்டு, பிறகு உடம்பை நிமிர்த்தலாம். சேர்த்த இயக்க ஆற்றல் நிலை ஆற்றலாக மாறும். விநாடிக்கு 60 மீட்டர் வேகத்திலிருந்து 40-க்கு வந்தால், காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள்: 102 மீட்டர் உயரம் இலவசம். தேர்ந்த ஒருவர் சில விநாடிகள் கீழே இறங்காமல், மேலேகூட ஏறுவார். அந்தக் கணத்தில் இறங்கு வேகம் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுத்தால் விகிதம் முடிவிலி! காணொளியில் அந்தச் சில விநாடிகளை மட்டும் வெட்டிப் போட்டு, “பாருங்கள் இந்த உடையின் சறுக்கு விகிதத்தை” என்கிறார்கள். சம்பளம் வந்த அன்று பர்ஸைத் திறந்து காட்டிவிட்டு நான் பணக்காரன் என்று சொல்வது போல இருக்கிறது.

மூன்றாவது, எடை. ஒரே அளவு இறக்கைப் பரப்பில், கருவிகளோடு சேர்த்து 80 கிலோ உள்ள ஒருவரும் 100 கிலோ உள்ள ஒருவரும் ஒரே நிலையில் பறக்கிறார்கள். எடை 1.25 மடங்கு. வேகம் அதன் வர்க்கமூலம், அதாவது 1.12 மடங்கு. முன்வேகம், இறங்கு வேகம் இரண்டுமே 12 சதவீதம் கூடும். விகிதம் மாறாது. ஆனால் கனமானவர் வேகத்தில் முந்துவார், ஒல்லியானவர் அதிக நேரம் மிதப்பார். அட்டவணையில் எடைக்கு ஒரு பத்தி இருக்கிறதா? இல்லை.

நான்காவது, உயரம். அதே அட்டவணையின் கீழே உலக சாதனைகளையும் சேர்த்திருக்கிறார்கள். 2012-இல் கொலம்பியாவின் ஜோனத்தன் ஃப்ளோரஸ் 9 நிமிடம் 6 விநாடி பறந்தார். உண்மைதான். ஆனால் அவர் குதித்தது 37,265 அடியிலிருந்து, பிராணவாயு முகமூடியோடு. வழக்கமாகக் குதிப்பது 13,000 அடி சுற்றுவட்டாரத்தில்; அதில் பறப்பது இரண்டு மூன்று நிமிடம். மேலும் 11 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மெல்லிய காற்றில் அதே உடல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் போகும். சாதனை பெரிது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதைக் கொண்டுவந்து ஓர் உடையின் தரத்துக்குச் சான்றிதழாக ஒட்டுவது கணக்கே இல்லை.

இதைச் சொன்னதும் அவன் மடக்கினான். “சார், அப்ப போட்டி எல்லாம் நடத்துறாங்களே, அதுவும் பொய்யா?”

நியாயமான கேள்வி. போட்டி பொய் இல்லை. அங்கே 1000 மீட்டர் உயரப் பட்டை ஒன்றை வைத்து, அதற்குள் நடப்பதை மட்டும் அளக்கிறார்கள். நேரம், தூரம், வேகம் என்று மூன்று தனித் தனிச் சோதனைகள். பல சுற்றுகள். போட்டியாளர்கள் பறப்பது ஒரே இடத்தில். அளவெடுப்பு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் போட்டி வரிசைப்படுத்துவது பறப்பவர்களை, உடைகளை அல்ல. நேரத்துக்கு ஒரு விதம், தூரத்துக்கு ஒரு விதம், வேகத்துக்கு ஒரு விதம் என்று உடம்பின் நிலையை மாற்றுகிறார்கள். பட்டைக்குள் நுழையும் முன்பே வேகம் சேர்த்துக்கொள்கிறார்கள். தோள், இடுப்பு, முழங்கால், கால் விரல் வரை அந்த இறக்கையின் பாகங்கள். புதிதாகக் கற்பவர் உடம்பில் 2-ஐத் தாண்டத் திணறும் உடை, பழகியவர் உடம்பில் 2.5-ஐத் தாண்டும். அப்படியானால் அந்த எண் யாருடையது? உடையுடையதா, ஆளுடையதா?

இதுவரை சொன்னது எல்லாம் கணக்குப் பிழை. மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு விட்டுவிடலாம். எனக்குக் கோபம் வந்தது அந்த அட்டவணையில் இல்லாத ஒரு பத்தியைப் பார்த்து. “கைப்பிடியைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்?” என்ற பத்தி.

பறப்பு முடிந்ததும் பாராசூட்டை விரிக்க வேண்டும். அதன் கைப்பிடி முதுகுப் பையின் அடியில், இடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. கையோ இறக்கைக்குள் இருக்கிறது. உடை பெரிதாகப் பெரிதாகக் கையைச் சுற்றித் துணி கூடுகிறது; பின்னால் கொண்டுபோய்த் துழாவுவது கடினமாகிறது. கையை மடக்கும்போது இறக்கையின் வடிவம் குலைகிறது. ஒரு கை முந்தி ஒரு கை பிந்தினால் உடம்பு ஒரு பக்கம் திரும்பும். அகலமான இறக்கைக்குப் பின்னால் காற்று சுழன்று தேங்குகிறது. முதலில் வெளியே எறியும் சின்னக் குடை அந்தச் சுழலில் மாட்டினால், பெரிய பாராசூட்டை இழுக்காமல் முதுகுக்கு மேலேயே தத்தளிக்கும். பெரிய உடை சுழலத் தொடங்கினால் அதை நிறுத்தவும் பழக்கம் வேண்டும். சறுக்கு விகிதத்தைக் கூட்டும் அதே துணிதான் இந்த வேலைகளைக் கடினமாக்குகிறது.

இந்தத் துறையின் வரலாற்றைப் பாருங்கள். 1912 பிப்ரவரியில் பாரிஸில் ஃபிரான்ஸ் ரைஷெல்ட் என்ற தையற்காரர், தானே தைத்த பாராசூட் உடையோடு ஈஃபிள் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்து குதித்தார். அது விரியவில்லை. அமெரிக்காவின் கிளெம் சோன், துணி இறக்கையோடு ஊர் ஊராகப் பறந்து காட்டியவர். 1937-இல் பிரான்சின் வான்சென் நகரில், திரண்டிருந்த கூட்டத்தின் முன்னால், அவருடைய பாராசூட் விரியாமல் போனது. மாற்றுப் பாராசூட்டும் சிக்கிக்கொண்டது. லியோ வாலன்டின் 1956-இல் லிவர்பூலில். விமானத்தை விட்டு வெளியேறும்போதே மர இறக்கை விமானத்தில் மோதியது. கடைசி நம்பிக்கையான பாராசூட்டும் சுற்றிக்கொண்டது. இன்றைய விங்சூட்டுக்கு வடிவம் கொடுத்த பத்ரிக் த கயார்தோன் 1998-இல் ஹவாயில் இறந்தார். அவருடைய விங்சூட் நன்றாகத்தான் பறந்தது. பாராசூட் பையில் செய்த ஒரு மாற்றத்தில் நேர்ந்த பிழை உயிரைக் குடித்தது.

சறுக்கு விகிதம் போதாமல் இவர்களில் யாரும் சாகவில்லை. நாலு பேர் கதையிலும் கடைசி வரி பாராசூட்தான். அந்தக் கடைசி வரியைப் பற்றி அட்டவணையில் ஒரு சொல் இல்லை!

2012-இல் பிரிட்டனின் கேரி கானரி பாராசூட்டை விரிக்காமலே விங்சூட்டில் தரையிறங்கினார். மறுக்கவில்லை. அதற்கு 18,600 அட்டைப் பெட்டிகளை அடுக்கி ஓடுதளம் போல அமைக்க வேண்டியிருந்தது. நம் பையனுக்கு யார் அடுக்குவார்கள்?

1999-இல் யாரி குவோஸ்மாவும் ராபர்ட் பெச்னிக்கும் பேர்ட்மேன் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விங்சூட் விற்கத் தொடங்கியபோது, கூடவே பயிற்சி முறையையும் உருவாக்கினார்கள். அமெரிக்க பாராசூட் சங்கம் விங்சூட்டைத் தொடவே 200 குதிப்பு வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. கவனியுங்கள், அது நுழைவுத் தகுதி. பத்தாம் வகுப்பு தேறியவன் பதினொன்றில் சேரலாம் என்று பொருளே தவிர, பட்டம் கொடுத்துவிட்டார்கள் என்று பொருள் இல்லை.

சரி, ஒப்பிடவே கூடாதா? ஒப்பிடலாம். ஒழுங்காக ஒப்பிடுங்கள். ஒரே ஆள், இரண்டு உடை, ஒரே எடை, ஒரே நாள். இதில் ஒன்று, அதில் ஒன்று என்று மாறி மாறிப் பல தடவை. காற்றோடு ஒரு முறை, எதிர்த்து ஒரு முறை. ஒரே உயரத்தில் தொடங்கி ஒரே உயரத்தில் முடியும் அளவு; பாய்ந்து சேர்த்த வேகம் அடங்கி, பறப்பு சீரான பிறகு எடுத்த அளவு. ஒரே உச்ச எண்ணைப் போடாமல், இதிலிருந்து இதுவரை என்று எழுதுங்கள். கூடவே தொடக்கத்தில் இறக்கை எவ்வளவு சீக்கிரம் நிரம்புகிறது, கைப்பிடி எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்பதையும் எழுதுங்கள். மலை விளிம்பிலிருந்து குதிப்பவர்கள் முதலில் கேட்பது இந்த இரண்டையும்தான். அவர்களுக்குப் பிழை செய்ய உயரம் இல்லை.

உறவுகளுக்கு ஒரு வார்த்தை. “இதெல்லாம் எதுக்கு, கொழுப்பெடுத்த வேலை” என்று இதன் கீழே எழுதத்தான் போகிறீர்கள். எழுதுங்கள். ஆனால் திட்டி யாரையும் தரையில் உட்கார வைக்க முடியாது. அப்படித் திட்டினால் அடுத்த முறை அவன் நம்மிடம் கேட்க மாட்டான், அந்த அட்டவணையிடம்தான் கேட்பான். கேட்டானே, அதுவே எனக்குப் பெரிது.

தம்பி, உனக்கு. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் ஊரில் சொல்வது ஆற்றுக்கு மட்டும் இல்லை. “எது பெஸ்ட்” என்ற கேள்விக்கு இயற்பியலில் விடை கிடையாது. யாருக்கு, எத்தனையாவது குதிப்பில், எதற்காக என்று சேர்த்துக் கேள். விடை உன் பயிற்சியாளர் ஏற்கெனவே சொன்னதுதான். சின்ன உடையிலேயே கண்ணை மூடிக்கொண்டும் கைப்பிடி கைக்கு வரும் வரை பற. அதே உடையில் உன் சொந்த எண்களை ரெக்கார்டு நோட்டு மாதிரி தேதி, காற்று, எடையோடு எழுதி வை. அடுத்த வருஷம் அதைக் கொண்டுவா. உட்கார்ந்து வரைபடம் போட்டுப் பார்ப்போம்.

முன்பணம் கொடுத்துவிட்டாயா என்று இன்னும் பதில் சொல்லவில்லை நீ. கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, போனால் போகட்டும். பணம்தானே. இன்று இரவு கூப்பிடு. எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் வாத்தியார்