அயலார் போரும் நம் வரிப்பணமும்

1971 நவம்பர் 15 முதல் இந்தியாவில் உறையிட்டுக் கடிதம் அனுப்பியவர்கள், வழக்கமான தபால்தலையுடன் ஐந்து பைசா தலை ஒன்றையும் சேர்த்து ஒட்ட வேண்டியிருந்தது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து (இன்றைய வங்கதேசம்) உயிர் தப்பி வந்த ஏறக்குறைய ஒரு கோடி அகதிகளுக்காக விதிக்கப்பட்ட வரி அது. தனித் தலை அச்சாகும்வரை காத்திருக்க நேரமில்லை. புழக்கத்திலிருந்த குடும்பநலத் தபால்தலைகளின் மீதே 'அகதிகள் நிவாரணம்' என்று மேலச்சிட்டு விற்றார்கள். ரயில் கட்டணத்திலும் உள்நாட்டு விமானக் கட்டணத்திலும் அதேபோல ஒரு கூடுதல் தொகை சேர்ந்தது. திருநெல்வேலியிலிருந்து பம்பாயில் வேலை பார்க்கும் மகனுக்குக் கடிதம் போட்ட ஒரு தாயும், தான் பார்த்தறியாத குல்னா, ஜெஸ்ஸூர் மக்களின் கஞ்சிக்கு ஐந்து பைசா கொடுத்தார்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அந்த வரி எழுப்பிய கேள்வி வேறு வடிவில் நம்முன் நிற்கிறது. வேறொரு நாட்டில் நடக்கும் போரில் சிக்கியவர்களுக்கு நம் வரிப்பணத்திலிருந்து உணவும் மருந்தும் கூடாரமும் அனுப்ப வேண்டுமா? உக்ரைனுக்கும் காசாவுக்கும் நிவாரணப் பொருள்களுடன் இந்திய விமானங்கள் புறப்பட்டபோது பெருமைப்பட்டவர்களும் உண்டு, முகம் சுளித்தவர்களும் உண்டு. முகம் சுளித்தவர்களை இரக்கமற்றவர்கள் என்று ஒதுக்கிவிடுவது நியாயமல்ல. கொடுக்கச் சொல்பவர்களை நாட்டு நிலவரம் தெரியாதவர்கள் என்று சொல்வதும் அப்படியே.

வரி கட்டுபவர் என்றதும் வருமான வரி செலுத்தும் சிலரே நம் நினைவுக்கு வருகிறார்கள். உண்மையில் கடையில் சோப்பும் செருப்பும் வாங்கும் கூலித் தொழிலாளி ஒவ்வொருவரும் சரக்கு, சேவை வரி கட்டுகிறார். அவருடைய பணத்தை எடுத்துத்தான் அயல்நாட்டுக்குக் கொடுக்கிறோம். 81 கோடிப் பேருக்கு இலவச உணவு தானியம் வழங்க வேண்டிய நிலையில் இருக்கும் நாடு இது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் சென்னையையும், அடுத்து வந்த பெருமழை தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களையும் புரட்டிப் போட்டபோது, மாநில அரசு கேட்ட நிவாரணத்துக்கும் ஒன்றிய அரசு தந்ததற்கும் இருந்த இடைவெளி நமக்குத் தெரியும். வெள்ளத்தில் வீட்டுச் சாமான்களை எல்லாம் இழந்த ஒருவர், "முதலில் எங்களைக் கவனியுங்கள்" என்று சொன்னால், அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பதிலின் ஒரு பகுதி கணக்கில் இருக்கிறது. 2025-26 ஒன்றிய நிதிநிலை அறிக்கையின் மொத்தச் செலவு மதிப்பீடு ஏறத்தாழ 50.65 லட்சம் கோடி ரூபாய். வெளிநாடுகளுக்கான உதவியாக வெளியுறவு அமைச்சகத்தின் வழியே ஒதுக்கப்பட்டது சுமார் 5,483 கோடி. ஆயிரம் ரூபாய் செலவில் ஒரு ரூபாய்க்குச் சற்று மேல். அதிலும் பூடானுக்கு மட்டும் 2,150 கோடி. நேபாளம், மாலத்தீவு, மொரீஷியஸ் ஆகிய நாடுகளின் வளர்ச்சித் திட்டங்களுக்கும் பெரும் பங்கு போகிறது. போரில் அடிபட்டவர்களுக்கான பகுதி இதற்குள் மிகச் சிறியது. அதை முழுவதும் நிறுத்தினாலும் தூத்துக்குடியின் வெள்ளச் சேதத்தை ஈடுசெய்ய முடியாது. அந்த நியாயத்தை நிதிப் பகிர்வு என்ற வேறு களத்தில்தான் கேட்டுப் பெற வேண்டும். ஆனால் தொகை சிறியது என்பதாலேயே மக்கள் கணக்குக் கேட்கக் கூடாது என்றும் ஆகிவிடாது. அமெரிக்காவில் வெளிநாட்டு உதவி கூட்டாட்சிச் செலவில் நூற்றில் ஒரு பங்கு அளவில்தான் இருந்துவந்தது. கருத்துக்கணிப்புகளிலோ அந்த மக்கள் அதைச் சராசரியாகக் கால் பங்கு என்று மதிப்பிட்டார்கள். கணக்கை எளிய மொழியில் மக்கள்முன் வைக்காதபோது சந்தேகமே கணக்காகிவிடுகிறது.

விரும்புகிறவர்கள் கொடுக்கட்டும், எல்லோரிடமும் வரியாக ஏன் வாங்க வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. இதில் மரியாதைக்குரிய ஒரு கொள்கை இருக்கிறது. கருணையைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது அது. அதே 1971இல் ஆகஸ்ட் 1ஆம் தேதி, சிதார் கலைஞர் ரவிசங்கரின் வேண்டுகோளை ஏற்று பீட்டில்ஸ் இசைக்குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வங்கதேசத்துக்காக இசை நிகழ்ச்சி நடத்தினார். நுழைவுச்சீட்டு விற்பனையில் சேர்ந்த ஏறக்குறைய இரண்டரை லட்சம் டாலர் யுனிசெஃபுக்குப் போனது. ஆனால் இசைத்தட்டும் படமும் ஈட்டிய பெரும் தொகை அமெரிக்க வரித் துறையின் விதிகளில் சிக்கி ஆண்டுக்கணக்கில் முடங்கியது. உலகத்தின் கண்களை முகாம்களின் பக்கம் திருப்பியது அந்த மேடை. ஆனால் ஒரு கோடிப் பேருக்கு நாள்தோறும் அரிசியும் பருப்பும் அளந்தவை அரசுகள்தான். தனிமனிதக் கொடைக்குத் தொடங்கிவைக்கும் வலு உண்டு. மாதக்கணக்கில் தாங்கி நிற்க அரசின் கிடங்கும் கப்பலும் வேண்டும்.

எனக்கு மிகவும் கனமாகத் தோன்றுவது வேறொரு ஆட்சேபம். அனுப்பும் உணவு பசித்தவனிடம் போகாமல் துப்பாக்கி ஏந்தியவனிடம் போனால் நாமும் அந்தப் போருக்குச் சோறு போட்டவர்கள் ஆக மாட்டோமா? இது கற்பனையான அச்சமல்ல. எத்தியோப்பியாவில் உணவு உதவி பெருமளவில் திருடப்படுவது தெரியவந்ததும், உலக உணவுத் திட்டமும் அமெரிக்க உதவி முகமையும் 2023இல் முதலில் திக்ராய் பகுதியிலும், பின்பு நாடு முழுவதிலும் வழங்கலை நிறுத்தின. திருட்டைக் கண்டும் காணாததுபோல் இருந்திருக்க முடியாது. ஆனால் நிறுத்தியதன் விலையைத் திருடியவர்கள் கொடுக்கவில்லை. போரில் ஏற்கெனவே நொறுங்கிய திக்ராய் கிராமங்களில் பட்டினிச் சாவுகள் பதிவாயின. பல மாதங்களுக்குப் பிறகு, பயனாளிகளைச் சரிபார்க்கும் முறையைத் திருத்திய பின்பே வழங்கல் படிப்படியாகத் திரும்பியது. ஆட்சேபம் சொன்னவர்களால்தான் முறை திருந்தியது. கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர்களால்தான் உணவு திரும்பி வந்தது. இரு தரப்பும் இல்லாமல் அந்தத் தீர்வு வந்திருக்காது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த விவாதம் தொலைவில் நடப்பதல்ல. 1987 ஜூன் 4 அன்று, மிராஜ் போர் விமானங்கள் துணைவர இந்திய விமானப் படையின் சரக்கு விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது நிவாரணப் பொருள்களைப் போட்டன. முற்றுகையில் இருந்த மக்களுக்கு அது உணவு. கொழும்புக்கு அது இறையாண்மை மீறல். ஒரே மூட்டைக்குள் கருணையும் வெளியுறவுக் கணக்கும் சேர்ந்தே இருந்தன.

இலங்கைப் போர் முடிந்த 2009இன் நினைவு இன்னும் ஆறாதது. மார்ச் மாதம் திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழு ஒன்று கள மருத்துவமனை அமைத்தது. செஞ்சிலுவைச் சங்கம் புதுமாத்தளன் கரையிலிருந்து கப்பலில் கொண்டுவந்த காயமடைந்தவர்களுக்கு அங்கே சிகிச்சை அளித்தார்கள். பின்பு அந்தக் குழு வவுனியாவின் முகாம் பகுதிக்கு நகர்ந்தது. போருக்குப் பிறகு இந்தியாவின் செலவில் 50,000 வீடுகள் கட்டும் திட்டமும் வந்தது. இவற்றையெல்லாம் சொல்லும்போது, "போரை நிறுத்தச் சொல்லி நாங்கள் கதறியபோது மௌனமாக இருந்துவிட்டு, பிறகு கட்டுத்துணி அனுப்பினால் போதுமா?" என்று கேட்பவர்கள் தமிழகத்தில் ஏராளம். அந்தக் கேள்வியில் இருக்கும் வலியை நான் மதிக்கிறேன். நிவாரணம் அரசியல் கடமைக்கு ஈடாகாது. ஆனாலும் அந்தக் கள மருத்துவமனையில் காயத்துக்குத் தையல் போட்டுக்கொண்ட ஒருவருக்கு அது இல்லாமலே போயிருக்கலாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கொடுப்பதால் கொடுப்பவருக்கு என்ன பயன் என்று கேட்பதும் தவறல்ல. இதற்கு நான் அறிந்த சிறந்த பதில், 1971 ஜூனில் மேற்கு வங்கத்தின் எல்லை ஊரான பன்காவில் நடந்தது. அகதி முகாம்களில் காலரா பரவி, மருத்துவமனைத் தரையெங்கும் நோயாளிகள் கிடந்தார்கள். நரம்பு வழியே ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கல்கத்தா ஆய்வு மையத்தில் பணியாற்றிய மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ், குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டச் செய்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம், 3.5 கிராம், 2.5 கிராம். அதை வாய்வழியே குடிக்கக் கொடுக்கும் வேலையை நோயாளிகளின் உறவினர்களிடமே ஒப்படைத்தார். நூற்றுக்கு முப்பது வரை போன சாவு விகிதம் நான்குக்கும் கீழே இறங்கியது. அதுவரை ஆய்வுக்கூடத்திலும் சிறு சோதனைகளிலும் இருந்த ஒரு சிகிச்சை, மருத்துவர் இல்லாத இடத்திலும் உயிர் காக்கும் என்று உலகுக்கு நிரூபணமானது. இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் வரலாற்றில் அந்தப் போர் அகதிகள் இருக்கிறார்கள். பயனை எதிர்பார்த்து யாரும் அங்கே போகவில்லை. எல்லை தாண்டி வந்த காலராவுக்கு உள்ளூர்க்காரர், அகதி என்ற பேதம் தெரியாது என்பதை அறிந்திருந்தார்கள்.

இப்போது காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை முடக்கியது. அதே ஆண்டு ஜூலையில் அதன் உதவி முகமை இயங்குவதையே நிறுத்தியது. பிரிட்டன், தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த உதவியை 2027க்குள் 0.3 ஆகக் குறைத்து, அந்தப் பணத்தைப் பாதுகாப்புச் செலவுக்குத் திருப்புவதாக அறிவித்தது. 2023 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் மூண்ட சூடானில், அக்கம்பக்கத்து இளைஞர்கள் தாங்களே தொடங்கி நடத்திய பொதுச் சமையலறைகள் பல லட்சம் பேருக்கு ஒரு வேளை உணவு தந்துவந்தன. அமெரிக்கப் பணம் நின்றதும் அவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டன. அந்த இடைவெளி முழுவதையும் இந்தியா நிரப்ப முடியாது, நிரப்ப வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் நம் பங்கு எது என்று தீர்மானிக்கும் நேரம் இது.

அதற்கு நம்மிடமே முன்மாதிரி உண்டு. தாலிபான் அரசை அங்கீகரிக்காத நிலையிலும், ஆப்கன் மக்களுக்கு 50,000 டன் கோதுமை தர இந்தியா முடிவெடுத்து, 2022 பிப்ரவரியில் பாகிஸ்தான் வழியாகவே லாரிகளை அனுப்பத் தொடங்கியது. தானியத்தை ஏற்று வழங்கியது உலக உணவுத் திட்டம். பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. அமைப்புக்கு ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் தந்துவந்திருக்கிறோம். அந்த வழியிலும் சிக்கல் வரவே செய்தது: இஸ்ரேல் மீது ஹமாஸ் நடத்திய 2023 அக்டோபர் 7 தாக்குதலில் அந்த அமைப்பின் ஊழியர்கள் சிலர் பங்கேற்றதாகக் குற்றச்சாட்டு எழுந்து, 2024 தொடக்கத்தில் பல நாடுகள் நிதியை நிறுத்திவைத்தன. அவற்றில் பெரும்பாலானவை பின்னர் மீண்டும் தரத் தொடங்கின.

இலங்கையின் பொருளாதார நெருக்கடி போரல்ல. என்றாலும் 2022இல் தமிழ்நாடு உதவிய முறை கவனிக்கத் தக்கது. தொடக்கத்தில் தமிழர் பகுதிகளுக்கு என்றே பேச்சு எழுந்தது. பிறகு இலங்கை மக்கள் அனைவருக்கும் என்று முடிவானது. ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், உயிர் காக்கும் மருந்துகள் எல்லாம் சேர்த்து 123 கோடி ரூபாய். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பங்கிட்டால் தலைக்கு 16 ரூபாய் அளவில். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி வேறுபாடு இல்லை. ஒன்றிய அரசின் ஒப்புதலோடும் தூதரகத்தின் வழியாகவும் பொருள்கள் போய்ச் சேர்ந்தன. பொதுமக்களின் நன்கொடையும் உடன் சேர்ந்தது. எவ்வளவு, எதற்கு, யாருக்கு என்ற மூன்றும் கப்பல் புறப்படும் முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தன.

ஆகவே, அரசு கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். அந்தக் கொடைக்கு வரம்புகளும் வேண்டும். பணமாக அல்லாமல் உணவாகவும் மருந்தாகவும் போகட்டும். போரிடும் தரப்புகளிடம் அல்லாமல் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற நடுநிலை அமைப்புகளிடம் போகட்டும். இனமும் மதமும் பார்க்காமல் போகட்டும். முடிவு தேதியும் வேண்டும். வங்கதேச அகதிகளில் ஏறக்குறைய அனைவரும் 1972 தொடக்கத்திலேயே வீடு திரும்பிவிட்டார்கள். அகதிகளுக்கான தபால் வரியோ 1973 மார்ச் வரை நீடித்தது. காரணம் முடிந்த பிறகும் தொடரும் வரி, அடுத்த முறை கேட்கும்போது மக்களின் நம்பிக்கையைக் குறைத்துவிடும்.

நம் மண்ணிலேயே இருக்கும் போர் அகதிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 1983 முதல் வந்த இலங்கைத் தமிழர்களில் பல்லாயிரம் பேர் இன்னும் முகாம்களில் வாழ்கிறார்கள். 2021இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது. 7,469 வீடுகள் புதிதாகக் கட்டுவது உள்ளிட்ட 317 கோடி ரூபாய் திட்டமும் அறிவிக்கப்பட்டது. இதுவும் வரிப்பணம்தான். இதன் பலனையோ குறையையோ அந்த முகாம்களை அடுத்து வாழும் ஊர்க்காரர்கள் நேரில் பார்க்க முடியும். முகாம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் கூட்டத்திலும், ஊராட்சியின் கிராம சபையிலும் அதைப் பேச முடியும்.

வெளிநாட்டு நிவாரணத்துக்கு அப்படி நேரில் பார்க்கும் வழி இல்லாததால், காகிதத்திலாவது பார்க்க வழி வேண்டும். எந்த நாட்டுக்கு எந்தப் பொருள், என்ன மதிப்பில், எந்த அமைப்பின் வழியாக, எத்தனை பேரைச் சென்றடைந்தது, எவ்வளவு வழியில் காணாமல் போனது என்று ஆண்டுக்கு ஒரு முறை நாடாளுமன்றத்தில் தனி அறிக்கை வைக்க ஒன்றிய அரசைக் கேட்கலாம். தமிழ் உள்பட எல்லா மொழிகளிலும் அது வெளியாக வேண்டும். கொடுக்கக் கூடாது என்பவருக்கும், இன்னும் கொடுக்க வேண்டும் என்பவருக்கும் அந்த அறிக்கை ஒரே அளவில் பயன்படும். அடுத்த கூட்டத்தொடர் தொடங்கும் முன் இந்த இரு தரப்பினரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டுத் தங்கள் தொகுதி உறுப்பினருக்கு அனுப்பலாம்.