வேலிவரை வந்த சீர்திருத்தம்

1925ஆம் ஆண்டு கொங்கு நாட்டில் இரண்டு காரியங்கள் தொடங்கின. பிப்ரவரியில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் கண்டார். மே மாதம் ஈரோட்டிலிருந்து பெரியார் ‘குடி அரசு’ இதழைக் கொண்டுவந்தார். ஒருவர் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். மற்றவர் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர். கதர், கள்ளுக்கடை மறியல், தீண்டாமை ஒழிப்பு என்று ஒரே காங்கிரஸ் மேடையில் நின்ற நண்பர்கள். வழி பிரிந்த பிறகும் இருவரும் அச்செழுத்தை நம்பினார்கள். மதுவிலக்கைப் பரப்ப ஆசிரமத்திலிருந்து 1929இல் ‘விமோசனம்’ வந்தது. கல்கி அதில் துணையாசிரியர். இரண்டு முயற்சிகளுக்கும் நூறு வயது கடந்துவிட்டது. சாதனைப் பட்டியலை விழா மலர்கள் பார்த்துக்கொள்ளும். கணக்கின் மறுபக்கத்தை எழுதுவது சிற்றிதழின் வேலை.

வரவு சிறியதல்ல. 1937 அக்டோபர் 1 அன்று நாட்டிலேயே முன்னோடியாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னது. இன்று தமிழ்நாட்டின் பொதுவாழ்வில் பெயருக்குப் பின்னால் சாதி போடுகிறவர் அரிது. 1967இல் அண்ணா அரசு சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டத் தகுதி தந்தது. இடஒதுக்கீட்டால் படித்து மேலே வந்த தலைமுறைகள் நம் கண்முன் இருக்கின்றன.

ஆனால் இவற்றில் எது கொங்கு நாட்டின் ஆதிக்க சாதிக்குக் கைக்காசு செலவு வைத்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். திருமணத்தையே எடுத்துக்கொள்வோம். கொங்கு வேளாளர் கல்யாணத்தில் ஐயர் வந்து மந்திரம் ஓதுவது பழைய வழக்கமல்ல. சீரை நடத்திவைப்பவர் அருமைக்காரர், அதே சாதிப் பெரியவர். மங்கல வாழ்த்துப் பாடுபவர் குடிமகன் என்று அழைக்கப்படும் நாவிதர். புரோகிதரை விலக்குவது தஞ்சாவூரில் கலகமாக இருந்திருக்கலாம். இங்கே அது பாட்டன் காலத்து நடைமுறைக்கு அருகில்தான் இருந்தது. எனவே சுயமரியாதைத் திருமணத்தை இந்த மண் பெரிய வலியில்லாமல் ஏற்றுக்கொண்டது. மண்டப வாசலில் பெரியார் படம், மேடையில் கட்சித் தலைவர், ஒலிபெருக்கியில் பகுத்தறிவு. அழைப்பிதழைக் கையில் வாங்கிப் பாருங்கள்: பெயருக்குப் பின்னால் சாதி இல்லை, பெயருக்கு மேலே குலதெய்வமும், கூட்டம் எனப்படும் குலப்பிரிவும் இருக்கின்றன. மணமகன் ஒரு கூட்டம், மணமகள் வேறு கூட்டம், சாதி ஒன்றே. புரோகிதர் போய்விட்டார், ஜாதகமும் சாதியும் போகவில்லை.

நிலத்தின் கதையும் இப்படித்தான். சீர்திருத்தம் நிலத்தைத் தொடாமல் நின்ற அந்த எல்லையைத் தாண்ட ஒருமுறை முயற்சி நடந்தது. ரஷ்யாவையும் ஐரோப்பாவையும் பார்த்துத் திரும்பிய பெரியார், கம்யூனிஸ்ட் தலைவர் சிங்காரவேலரின் துணையோடு 1932 டிசம்பரில் ஈரோட்டுத் திட்டத்தை முன்வைத்தார். நிலமும் ரயிலும் வங்கியும் பொதுவுடைமை, குடியானவர் பட்ட கடன் ரத்து என்று பேசிய திட்டம் அது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ‘குடி அரசு’ எழுதிய ஒரு தலையங்கத்துக்காகப் பெரியாரும், வெளியீட்டாளரான அவர் தங்கை கண்ணம்மாளும் சிறை சென்றார்கள். 1934இல் கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டது. சுயமரியாதை இயக்கமே அழிந்துவிடும் என்ற நிலையில் சமதர்மப் பிரச்சாரம் பின்னுக்குப் போனது. ஜீவா உள்ளிட்டோர் விலகினார்கள். அடக்குமுறை ஒரு காரணம். இயக்கத்துக்குள்ளேயே நிலமும் பணமும் உள்ளவர்களுக்கு அந்தத் திட்டம் கசந்தது இன்னொரு காரணம்.

அதே முப்பதுகளில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. அதுவரை கிணற்றிலிருந்து நீர் இறைக்கக் கவலை ஓட்ட வேண்டும். மாடு பூட்டி, தோல் பறியில் நீர் சேந்துவது. அந்தப் பறியைத் தைத்துக் கொடுத்தவர்கள், வருசக் கூலிக்குத் தோட்டத்தில் பண்ணையாளாக நின்றவர்கள் பட்டியல் சாதியினரான அருந்ததியர். மோட்டார் வந்ததும் பறி போயிற்று. பின்னால் பஞ்சாலையும் விசைத்தறியும் திருப்பூர் பனியன் கம்பெனியும் வர, பண்ணையத்தை விட்டு வெளியேற ஒரு வழி கிடைத்தது. 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட கம்யூனிஸ்டுகளான சின்னியம்பாளையம் தோழர்கள் நால்வரும் ஆலைத் தொழிலாளர்கள். ஆலை வாசலில் செங்கொடி பறந்த அளவுக்குத் தோட்டத்து வேலியோரம் பறக்கவில்லை. பண்ணையாளின் கட்டைத் தளர்த்தியதில் மேடையைவிட மோட்டாருக்குப் பங்கு அதிகம் என்று சொன்னால் நம்மில் பலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

சாதி வேலியைத் தாண்டியவர்களுக்கு என்ன ஆயிற்று? 2015 ஜூன் 23 அன்று, ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞர், உடன்படித்த தோழியோடு திருச்செங்கோடு கோயிலுக்குப் போனார். தோழி கொங்கு வேளாளர். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் கோகுல்ராஜின் உடல் கிடந்தது. கோயில் இருக்கும் ஊர், ராஜாஜி ஆசிரமம் உள்ள தாலுகாவின் தலைமையிடம். பள்ளிபாளையத்திலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் பெரியாரின் ஈரோடு. ஒரு சாதி அமைப்பின் தலைவர் உட்படப் பத்துப் பேருக்கு 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனை கிடைத்தது. மறு ஆண்டு உயர்நீதிமன்றம் இருவருக்குத் தண்டனையைக் குறைத்து, மற்றவர்களுக்கு அதை உறுதி செய்தது. இதற்கிடையே 2016 மார்ச் 13 அன்று உடுமலை பேருந்து நிலையம் அருகே, சாதி மறுப்புத் திருமணம் செய்த தலித் இளைஞர் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவி கௌசல்யா காயத்தோடு தப்பினார்.

கொலை தினமும் நடப்பதில்லை. அன்றாடம் நடப்பது வேறு. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளைக்கு எதிராகக் கோவை வட்டாரத்தில் பெரியாரிய அமைப்புகள் ஊர் ஊராகப் பட்டியல் எடுத்துப் போராடின. பல கடைகளில் கண்ணாடி டம்ளர் வேறுபாடு போயிற்று. சில கடைகளில் காகிதக் கப் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில் ஏறத்தாழ இருபதடி உயரச் சுற்றுச்சுவர் ஒன்று சரிந்து பக்கத்து வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த தலித் மக்கள் 17 பேர் இறந்தார்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்று சொல்லி நீதி கேட்டுத் திரண்டவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது.

‘பெரியார் மண்ணில் சாதிக் கொலையா?’ என்று எள்ளி நகையாடுகிறவர்களோடு இந்த இதழ் சேராது. அவர்கள் எந்தச் சுவரையும் இடிக்கக் கடப்பாரை எடுத்ததில்லை. நம் விமர்சனம் வேறு. பிராமணரல்லாதார் என்ற ஒரே குடையின் கீழ்த் தோட்டக்காரரும் பண்ணையாளும் நின்றார்கள். எதிராளி அக்ரகாரத்தில் இருக்கும்வரை அந்த ஒற்றுமை வேலை செய்தது. கொங்குக் கிராமத்திலோ டம்ளரைப் பிரித்து வைத்தவர் அதே குடைக்குள் இருந்தவர். அவரை எதிர்த்தால் கிளைச் செயலாளர் போவார், வாக்கும் போகும். எனவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தச் சொன்ன சாதிக் கட்சிகளோடு திமுக, அதிமுக என்ற இரு கழகங்களும் தொகுதி பங்கிட்டன. மாறாக, அருந்ததியர் தாங்களே அமைப்பாகத் திரண்டு அழுத்தியபோது 2009இல் மூன்று விழுக்காடு உள்ஒதுக்கீடு கிடைத்தது. 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் உள்ஒதுக்கீடு செல்லும் என்றது. சீர்திருத்தம் தானாகத் தாண்டாத எல்லையைப் பாதிக்கப்பட்டவர்களின் அமைப்பு தாண்டவைக்கிறது.

ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக 2025 அக்டோபரில் மாநில அரசு அறிவித்தது. அந்தச் சட்டம் தள்ளிப்போகாமல் வர வேண்டும். வந்தாலும், அதை நிறைவேற்றப் போகிறவர் உள்ளூர் காவல் நிலையத்தில் இருப்பவர் என்பதை மறக்கக் கூடாது. கட்சிகளிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: சாதிச் சங்கத்தோடு தொகுதி பேசாதீர்கள். தோழர்களிடம் கேட்பதும் ஒன்றுதான்: அடுத்தவர் வீட்டுச் சாதி மறுப்புத் திருமணத்துக்கு வாழ்த்துரை வழங்கியது போதும், உங்கள் வீட்டு மகளும் மகனும் தேர்ந்தெடுப்பவருக்குக் கதவைத் திறங்கள். நூறாண்டு இயக்கத்துக்கு இதைவிடக் குறைந்த தேர்வு வைக்க முடியாது.