கணினியின் சாவி யார் கையில்?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11க்கு மாற வேண்டுமானால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய செயலியும் கணினியில் இருக்க வேண்டும். இல்லையேல் புதிய கணினி வாங்க வேண்டும்; அல்லது பணம் கட்டியோ தன் கணக்கை அந்நிறுவனத்தோடு பிணைத்தோ ஓராண்டுத் தவணை பெறலாம். இந்த முடிவால் உலகெங்கும் சுமார் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கேனலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே மதிப்பிட்டிருந்தது. அவற்றின் விசைப்பலகை தேயவில்லை, திரை மங்கவில்லை, செயலி பழுதாகவில்லை. அவற்றைப் பழையவையாக்கியது ஒரு நிறுவனத்தின் அறிவிப்பு மட்டுமே.

பெங்களூருவின் எஸ்.பி. ரோட்டில் பழைய மடிக்கணினிகளை வாங்கி, துடைத்து, பழுது நீக்கி விற்கும் சிறு கடைக்காரர்களுக்கும், அங்கே வந்து பேரம் பேசும் மாணவர்களுக்கும் இந்த அறிவிப்பின் பொருள் உடனே விளங்கும். சென்னை ரிச்சி தெருவிலும் இதே நிலைதான். புதிய கணினி வாங்க வசதியில்லாத குடும்பத்தின் பிள்ளை, பாதுகாப்பற்ற இயங்குதளத்தோடு காலந்தள்ள வேண்டும் அல்லது கடன் வாங்க வேண்டும் என்பதே ஏகபோக மூலதனம் அளிக்கும் தேர்வு.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதே கணினியில் கட்டற்ற இயங்குதளமான குனு/லினக்ஸை நிறுவிக்கொள்வதே அது. தொழில்நுட்ப ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்று இதனை ஒதுக்கிவிட முடியாது என்பதை 2025 ஜூலையில் நடந்த நிகழ்வு உணர்த்தியது.

ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் நிறுவனம் 49.13 சதவீதப் பங்கு வைத்திருக்கும் நயாரா எனர்ஜி, குஜராத்தின் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் திறன் கொண்ட சுத்திகரிப்பு ஆலையை நடத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது தடை விதித்த சில நாட்களில், அந்நிறுவனத்துக்கான மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை மைக்ரோசாஃப்ட் முடக்கியது. இந்தியச் சட்டம் எதையும் நயாரா மீறவில்லை, கட்டணமும் செலுத்தியிருந்தது. தன் சொந்தத் தரவுகளை அணுகுவதற்காகவே அது தில்லி உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்ட நேர்ந்தது. ஜூலை 30 அன்று சேவை திரும்பியது. ஆனால் எழுந்த கேள்வி திரும்பிச் செல்லவில்லை. இந்திய மண்ணில் இயங்கும் ஒரு பெரும் ஆலையின் விசையை அயல்நாட்டு அலுவலகம் ஒன்று அணைக்க முடியுமானால், அரசு மருத்துவமனைகள், மின்வாரியங்கள், வங்கிகள் ஆகியவற்றின் நிலை என்ன?

இந்தக் கேள்வியின் வேர் நாற்பதாண்டுப் பழமையானது. மென்பொருளை ஒருமுறை எழுதிவிட்டால் அதன் அடுத்த நகலை உருவாக்க ஏறத்தாழ எந்தச் செலவும் இல்லை. அதனால் அதிலிருந்து தொடர்ந்து வாடகை வசூலிக்க வேண்டுமானால், மூல நிரலை மறைக்க வேண்டும். நகலெடுப்பதைக் குற்றமாக்க வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இதனை ஏற்க மறுத்து, 1983 செப்டம்பரில் குனு திட்டத்தை அறிவித்தார். எதற்காகவும் பயன்படுத்துவது, எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்து மாற்றுவது, நகலைப் பிறருக்குத் தருவது, மாற்றிய வடிவத்தையும் பகிர்வது ஆகிய நான்கு சுதந்திரங்கள் அதன் அடிப்படையாயின. 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருநிரல் அதனோடு இணைந்தபோது, முழுமையான இயங்குதளம் மக்கள் கைக்கு வந்தது. ‘கட்டற்ற’ என்ற தமிழ்ச் சொல் இதனைச் சரியாகவே குறிக்கிறது. விலையின்மை இதன் விளைவுகளில் ஒன்று. கட்டு இன்மையே இதன் சாரம்.

இந்த இயக்கத்தின் இந்திய வரலாற்றில் பெங்களூருவுக்குத் தனி இடம் உண்டு. இந்திய அறிவியல் கழகத்தின் விஞ்ஞானிகள் பங்கேற்று 2001இல் உருவாக்கிய ‘சிம்ப்யூட்டர்’ என்ற கையடக்கக் கணினி லினக்ஸில்தான் இயங்கியது. கிராமத்து ஏழைகள் பலர் ஒரே கருவியை, தத்தம் அட்டையைச் செருகிப் பகிர்ந்துகொள்ளலாம் என்பது அதன் நோக்கம். அது சந்தையில் வெல்லவில்லை. ஆனால் எளிய மக்களுக்கான கணினியை இந்தியாவிலேயே வடிவமைக்க முடியும் என்று காட்டியது. அதே 2001இல் ‘லினக்ஸ் பெங்களூரு’ மாநாடுகள் தொடங்கின.

எனினும், மாநாட்டு அரங்குகளைவிடக் கவனத்துக்குரிய இடம் ஒன்று இந்நகரில் உண்டு. பன்னேருகட்டா சாலையை ஒட்டிய குரப்பனபாளையா அருகில், சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில் அமைந்த அம்பேத்கர் சமூகக் கணினி மையம் அது. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களான இளம் மென்பொறியாளர்கள் வார இறுதிகளில் அங்கே சென்று, நன்கொடையாக வந்த பழைய கணினிகளில் குனு/லினக்ஸை நிறுவி, உழைப்பாளிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தனர். பிள்ளைகள் கிம்ப் என்ற கட்டற்ற ஓவிய மென்பொருளில் படங்கள் வரைந்தனர். கண்ணாடிக் கட்டடங்களின் நகரத்தில், அக்கட்டடங்களுக்குள் கூட்டிப் பெருக்க மட்டுமே அனுமதிக்கப்படும் மக்களின் பிள்ளைகள் கணினியின் உட்புறத்தைக் கண்டனர். அண்ணலின் பெயரை அந்த மையம் தாங்கி நிற்பது பொருத்தமானது. எழுத்தறிவை மறுத்தே நிலைபெற்ற சாதிய சமூகத்தில், மூல நிரலைப் படிக்கும் உரிமையும் கல்வி உரிமையின் நீட்சியே.

இந்நகரின் மென்பொருள் தொழிலாளர்களும் தனியே நிற்பவர்கள் அல்லர். 2017இல் உருவான கர்நாடக மாநில ஐ.டி. ஊழியர் சங்கம், நாளொன்றுக்கு 14 மணி நேர வேலை என்ற யோசனையை 2024இல் எதிர்த்துக் களம் கண்டது. தான் எழுதும் நிரல் தனக்குச் சொந்தமில்லை, தன் நேரமும் தனக்குச் சொந்தமில்லை என்ற இரு உண்மைகளும் ஒரே சுரண்டலின் இரு முகங்கள்.

முதல்முறை நிறுவுவோருக்குத் தயக்கம் இயல்பு. ஆனால் வேலை கடினமானதன்று. முதலில் கோப்புகள் அனைத்தையும் வேறொரு வன்தட்டில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் போன்றவற்றுள் ஒன்றைப் பதிவிறக்கி, அதற்கான செயலி மூலம் 8 ஜி.பி. பென் டிரைவில் ஏற்ற வேண்டும். கோப்பை வெறுமனே நகலெடுத்துப் போட்டால் வேலை செய்யாது. கணினியைத் தொடக்கும்போது எஃப் 12 அல்லது அந்தக் கணினிக்குரிய வேறு விசையை அழுத்தினால், பென் டிரைவிலிருந்தே இயங்குதளம் எழுந்து வரும். வன்தட்டில் எதையும் மாற்றாமல், வைஃபை, ஒலி, பிரிண்டர் ஆகியவை இயங்குகின்றனவா என்று சோதித்துப் பார்க்கலாம். நிறைவு ஏற்பட்ட பின்னரே நிறுவலைத் தொடங்க வேண்டும். வட்டு முழுவதையும் அழிப்பதா, இருக்கும் விண்டோஸுக்கு அருகிலேயே நிறுவுவதா என்ற கேள்வி வரும் இடத்தில் மட்டும் அவசரம் கூடாது. 4 ஜி.பி. நினைவகம் கொண்ட பழைய கணினிக்கு எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற எளிய மேசைத்தளம் ஏற்றது. லிப்ரே ஆபிஸும் ஃபயர்பாக்ஸும் பெரும்பாலும் உடனே கிடைத்துவிடும். தமிழ்99 விசைப்பலகையை அமைப்புகளில் சேர்த்துக்கொள்ளலாம்.

தனிநபர் முயற்சி அரசுக் கொள்கையாக மாறும்போது என்ன நிகழும் என்பதற்குக் கேரளம் சான்று. 2001இல் தொடங்கிய ‘ஐடி@ஸ்கூல்’ திட்டம் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. அதன் வழிவந்த ‘கைட்’ நிறுவனம், பள்ளிகளின் 2 லட்சம் கணினிகளில் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவுவதால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று 2019இல் கணக்கிட்டது. ஆசிரியர்களுக்கு முறையாகப் பயிற்சி அளித்ததும், பாடநூலையே அதற்கேற்ப எழுதியதும் இந்த வெற்றிக்கு அடிப்படை. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் விண்டோஸோடு சேர்த்துத் தரப்பட்டது. ஆனால் வகுப்பறையில் கற்பிக்கப்படாத இயங்குதளம் பெட்டிக்குள் தூங்கவே செய்யும். ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிய பின்னர், ஆட்சியாளர்கள் மாறியதும் 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. நுட்பம் அமைந்துவிட்டாலும் அரசியல் உறுதி இல்லையேல் அது நிலைக்காது என்பதே அதன் படிப்பினை.

ஒன்றிய அரசிடம் இந்த உறுதி இல்லை. மின்னாளுகைத் திட்டங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும், அதனை விலக்கினால் காரணம் கூற வேண்டும் என்று 2015இல் அதுவே கொள்கை வெளியிட்டது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கணினிகளுக்காக உபுண்டு அடிப்படையிலான ‘மாயா’ இயங்குதளம் 2023இல் அறிவிக்கப்பட்டது. ராணுவத்துக்கு ஆபத்து என்று உணரப்பட்டது, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஏன் ஆபத்தாகத் தெரியவில்லை? நயாரா நிகழ்வுக்குப் பின், அமைச்சர்கள் ‘சுதேசி’ முழக்கத்தோடு ஜோஹோ நிறுவனத்தின் செயலிகளுக்கு மாறுமாறு அழைப்பு விடுத்தனர். அயல்நாட்டு முதலாளியிடமிருந்த சாவி உள்நாட்டு முதலாளியிடம் மாறினாலும், கதவு மக்களுக்குப் பூட்டியே கிடக்கும். மூல நிரல் பொதுவில் இருப்பதும், தரவுகள் மக்களின் கட்டுப்பாட்டில் இருப்பதுமே தன்னாட்சி.

அதேவேளையில் மிகை நம்பிக்கையும் கூடாது. கட்டற்ற மென்பொருள் தானாகவே சோஷலிசம் ஆகிவிடாது. 2017 முதல் உலகின் முன்னணி 500 மீக்கணினிகள் அனைத்தும் லினக்ஸில்தான் இயங்குகின்றன. ஆண்ட்ராய்டின் கருவும் லினக்ஸே. ஐ.பி.எம். 2019இல் 3,400 கோடி டாலர் கொடுத்து ரெட் ஹேட் நிறுவனத்தை வாங்கியது. பொதுவில் உருவான உழைப்பைத் தனியார் லாபமாக்க மூலதனம் நன்கு கற்றிருக்கிறது. கூட்டுழைப்பால் உலகத் தரமான உற்பத்தி சாத்தியம் என்பதைக் கட்டற்ற மென்பொருள் மெய்ப்பித்திருக்கிறது. அதன் பலன் யாருக்குச் சேரும் என்பதை வர்க்கப் போராட்டமே தீர்மானிக்கும்.

இறுதியாக, சுயவிமர்சனமும் தேவை. ஏகபோகத்தை எதிர்த்துத் துண்டறிக்கை அச்சிடும் கட்சி அலுவலகத்தில், உரிமம் இல்லாமல் நகலெடுத்த விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால், அது எதிர்ப்பாகாது. அந்த நிறுவனத்தின் பழக்கத்துக்கு அடுத்த தலைமுறையையும் ஆட்படுத்துவதாகவே அமையும். புதுப்பிப்பு நின்றுபோன கணினியில் சங்க உறுப்பினர் பட்டியலை வைத்திருப்பது தோழர்களின் பாதுகாப்போடு விளையாடுவதாகும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான தீர்மானங்களும் மாநாட்டு அறிக்கைகளும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் புரியாத குறிகள். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றாவிட்டால் இயக்கத்தின் நினைவே தொலைந்துபோகும்.

இதனை ஒரே நாளில் செய்து முடிக்க இயலாது. டாலி போன்ற கணக்கு மென்பொருள் தேவைப்படும் இடத்தில் ஒரு கணினி விண்டோஸிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு மாவட்டக்குழு அலுவலகமும் முதலில் ஒரு பழைய கணினியை எடுத்துக்கொண்டு தொடங்கலாம். மாணவர், வாலிபர் அரங்குகளில் கணினி அறிந்த தோழர்கள் இருக்கிறார்கள். விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் செயல்படும் லினக்ஸ் பயனர் குழுக்கள் போன்றவை கற்றுத்தரத் தயங்குவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பென் டிரைவ், அருகில் அமர்ந்து பொறுமையாகச் சொல்லித்தர ஒருவர் இருந்தால் முதல் கணினி மாறிவிடும். அதனைக் கற்றவர் அடுத்தவருக்குக் கற்பிக்க வேண்டும். அரசுப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் கட்டற்ற இயங்குதளம் வேண்டும் என்று மாநில அரசுகளிடம் கோரும் இயக்கத்துக்கு, அப்போதுதான் சொந்த அனுபவத்தின் வலிமை கிடைக்கும்.