யாழ்ப்பாணத்து வாக்காளரைத் திட்டுவோர் கவனத்திற்கு

2024 நவம்பர் 14ஆம் திகதி நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலில், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களுள் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி கைப்பற்றியது. தமிழ்க் கட்சிகள் யாவற்றையும் பின்தள்ளிவிட்டுத் திசைகாட்டி முதலிடத்திற்கு வந்தது. அன்று தொடக்கம் புலம்பெயர்ந்தோர் கூடும் இடமெல்லாம் ஒரே வசைதான்: யாழ்ப்பாணத்தான் பட்டதை மறந்துவிட்டான், விலைபோய்விட்டான். இவ்வசையை நாம் ஏற்பதற்கில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அக்கட்சி பெற்ற வாக்குகள் 80,830. செல்லுபடியான வாக்குகளில் இது காற்பங்குக்கும் சற்றுக் குறைவு. முதலிடம் பெறும் கட்சிக்கு மேலதிகமாக ஓர் ஆசனம் வழங்கும் தேர்தல் முறையும், ஆறு ஆசனங்களுக்காக நாற்பதுக்கும் மேற்பட்ட அணிகள் களமிறங்கிய அவலமும் சேர்ந்தே காற்பங்கு வாக்கைப் பாதி ஆசனங்களாக்கின. வீடும், சைக்கிளும், ஊசியும் ஆளுக்கு ஓர் ஆசனத்துடன் நின்றன. முக்காற்பங்கு மக்கள் வேறு எங்கோதான் வாக்களித்தார்கள். அவ்வாக்கைச் சிதறடித்தவர் வாக்காளர் அல்லர்.

ஆயினும் ஒன்றை மறைக்க முடியாது. எட்டு வாரங்களுக்கு முன்னர் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க யாழ்ப்பாணத்தில் பெற்றவை 27,086 வாக்குகள் மட்டுமே. இடையில் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அப்பக்கம் நகர்ந்திருக்கின்றனர். ஏன் நகர்ந்தனர் என்பதே கேள்வி.

இம்மக்கள் கட்சிகளை எடைபோடத் தெரியாதவர்கள் அல்லர். 2005 இல் வாக்குச் சாவடிகள் வெறிச்சோடிக் கிடந்தன. அதன் விளைவை நாம் அறிவோம். 2010 இல், முதல் ஆண்டு வரை தம்மீது போர் நடத்திய இராணுவத்தின் தளபதிக்கே வாக்களிக்குமாறு அவர்களிடம் கேட்கப்பட்டது. வாக்களிக்கச் சென்றவர்களிற் பெரும்பாலோர் அதையும் செய்தனர். 2015 இல் மைத்திரிபால சிறிசேன. 2016 முடிவதற்குள் தீர்வு வரும் என்று சம்பந்தன் நம்பிக்கை தெரிவித்தார். அரசியலமைப்புப் பேரவை கூடியது, இடைக்கால அறிக்கை வந்தது, 2018 ஒக்டோபர்க் குழப்பத்தோடு எல்லாம் அடங்கிப்போயிற்று. 2019 இல் சஜித் பிரேமதாச. ஒவ்வொரு முறையும் ஒருவரை வரவிடாமல் தடுக்கவே அவர்களுடைய வாக்கு கேட்கப்பட்டது. தமக்கு என்ன வேண்டும் என்று சொல்வதற்கு அந்த வாக்கு உதவவில்லை.

இந்நிலையில் தமிழ்த் தலைமைகள் செய்தது என்ன? 2001 இல் உருவான கூட்டமைப்பு, 2023 உள்ளூராட்சித் தேர்தலுக்கான ஆயத்தத்தோடு உடைந்தது. 2024 ஜனவரியில் தமிழரசுக் கட்சி தனது தலைவரை வாக்கெடுப்பின் மூலம் தெரிவுசெய்தது. அடுத்த மாதமே விவகாரம் நீதிமன்றம் ஏறியது. செப்டெம்பரில் கட்சி சஜித்தை ஆதரித்தது. கட்சியின் முன்னணியினர் சிலர் சங்குச் சின்னத்தில் நின்ற அரியநேத்திரனை ஆதரித்தனர். அந்த அரியநேத்திரனும் அதே கட்சிக்காரர்! இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த வாக்காளரிடம், நவம்பரில் வந்து ஒற்றுமையைப் பற்றிப் பேசினார்கள்.

எனினும் திசைகாட்டிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அதன் முதுகெலும்பான ஜே.வி.பி. 1987 உடன்படிக்கையை ஆயுதங்கொண்டு எதிர்த்தது. 2005 இல் ஆழிப்பேரலை நிவாரணப் பொதுக்கட்டமைப்பை முடக்க நீதிமன்றம் சென்றது. 2006 இல் வடக்கு, கிழக்கு இணைப்பை உயர் நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்ததும் அக்கட்சியினரின் மனுக்களின்மேல்தான். இவற்றுக்காக அது இன்றளவும் தமிழரிடம் மனம் வருந்திப் பேசியதாக நாம் அறியவில்லை. ஆட்சிக்கு வந்தபின் பலாலி, அச்சுவேலி வீதி முப்பத்துநான்கு ஆண்டுகளின் பின்னர் திறக்கப்பட்டது உண்மை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாகவும், மாகாணசபைத் தேர்தலை ஓராண்டுக்குள் நடத்துவதாகவும் சொன்ன வாக்குறுதிகள் 2025 முடியும்வரை நிறைவேறவில்லை என்பதும் உண்மை.

இதையும் வாக்காளர் கவனித்தார். 2025 மார்ச்சில் வடக்கில் சுமார் 5,940 ஏக்கர் காணியை உரிமைகோரப்படாவிடின் அரச காணியாக்கும் வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. இடம்பெயர்ந்தவர்களும், உறுதியைத் தொலைத்தவர்களும், எம்மைப்போல் கடல்கடந்து வாழ்பவர்களும் மூன்று மாதத்துக்குள் எவ்வாறு உரிமைகோருவது? எதிர்ப்புக் கிளம்பிய பின்னர் அரசாங்கம் பின்வாங்கியது. மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாண மக்கள் வீட்டை மீண்டும் முதலிடத்தில் வைத்தார்கள். ஆறே மாதம்! விலைபோனவர் இப்படியா வாக்களிப்பர்?

தமிழரசுக் கட்சியினர் இதைத் தம் வெற்றியென்று கொண்டாடினர். வந்தது கடன் என்பதை எவராவது அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

2024 இல் எமக்கு அங்கே வாக்கு இருக்கவில்லை. ஆனால் தேர்தல் வந்தால் எம் வீட்டுக் கதவும் தட்டப்படுகிறது. செலவுக்குப் பணம் கேட்டு வருகிறார்கள். மாகாணசபைத் தேர்தல் அறிவிக்கப்படும் வேளையிலும் வருவார்கள். அப்போது வாசகர்கள் அவர்களிடம் சில கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பணப்பையைத் திறக்கட்டும். வடக்கிலும் கிழக்கிலும் ஒரே பட்டியலா, பல பட்டியல்களா? நீதிமன்றத்தில் ஒருவர்மீது ஒருவர் போட்ட வழக்குகள் என்னவாயின? வலிகாமம் வடக்கில் இன்னும் விடுபடாத காணிகளுக்காகவும், 2017 முதல் கிளிநொச்சித் தெருவோரத்தில் பிள்ளைகளைக் கேட்டுப் போராடும் தாய்மாருக்காகவும் சபைக்குள் நீங்கள் கொண்டுவந்த பிரேரணைகள் எவை, எந்தத் திகதியில்? பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தருபவர் எக்கட்சியினராயினும் அதை இப்பத்திரிகையில் முழுமையாக வெளியிடுவோம்.