விறாந்தையில் நடந்த பரீட்சை

இணையத்தளம் நடத்துவோர், புதிய பக்கமொன்றைப் பார்வையாளர்முன் வைக்குமுன், அது பிழையின்றி இயங்குகிறதா எனத் தமக்குள்ளேயே பரீட்சித்துக் கொள்வர். மாணாக்கர் பலர் இதனைக் கணினிக் காலத்துப் புதுமை என எண்ணுகின்றனர். கண்டிச் சீமைக்கோ இது பழைய வழக்கம்.

பேராதனைப் பூங்காவுக்கு 1824இலேயே தேயிலைச் செடி வந்துவிட்டது. கோப்பி கொழித்த காலமாதலின் அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. 1852இல் ஸ்கொத்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் தெயிலர், லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்டபோது, அதற்கு ஒதுக்கியது 19 ஏக்கர் மட்டுமே. செடி தழைத்ததும் அவர் நிறைவடைந்துவிடவில்லை. நான் வியப்பது இதனைத்தான். தம் பங்களா விறாந்தையையே தொழிற்சாலையாக்கினார். கொழுந்தை மேசைமீது கையால் உருட்டுவித்தார்; மண்ணடுப்பில் கரியனலிட்டு உலர்த்திப் பார்த்தார்; பின்னர் உருட்டும் பொறியொன்றையும் தாமே அமைத்தார். இலண்டனுக்கு 23 இறாத்தல் தேயிலை சென்றது 1873இல்! நட்டு ஆறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதற்கிடையில், 1869இல், கோப்பியிலையிற் பூஞ்சண நோய் கண்டது. மலையெங்கும் அந்த ஒரே பயிரை நம்பியிருந்தமையால் தோட்டங்கள் நொடித்தன. துரைமார் பலர் கப்பலேறினர். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் கூலியோ பல தோட்டங்களில் நிலுவையாய் நின்றது. வேறு பயிர் தேடிய தோட்டக்காரர் லூல்கந்துரைக்கு வந்தபோது, நடுகை முதல் உலர்த்தல் வரை யாவும் அங்கே செய்து பார்க்கப்பட்டிருந்தன. தேயிலை மலைநாடெங்கும் பரவியது அதன் பின்னரே.

தெயிலர் முதலில் நட்ட நிலத்தை, ஏழாம் நம்பர் மலையென, அத்தோட்டத்தில் இன்றும் காட்டுகின்றனர்.