யாரும் வராத ஆண்டுக்கும் ஒரு வரைபடம்

எல்லைப்புறத்தில் இரு தரப்பு மக்களும் கூட ஓர் இடம் வேண்டும் என்று யாராவது கேட்டால், கட்டட வடிவமைப்பாளர்களான நம்மில் பலருடைய கை முதலில் ஒரு மண்டபத்தைத்தான் வரையும். பென்சிலை எடுக்குமுன் கச்சத்தீவை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

சுமார் 285 ஏக்கர் நிலம். குடியிருப்போ குடிநீரோ கிடையாது. 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி தீவு இலங்கையின் பக்கம் போனபோதும், இந்திய யாத்ரீகர்கள் பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் வந்துபோகலாம் என்று அதன் ஐந்தாம் பிரிவு இடம் வைத்தது. பிப்ரவரி, மார்ச் வாக்கில் இரண்டு நாள் அந்தோணியார் திருவிழா. இராமேசுவரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படகுகள் வருகின்றன. கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்ப்பவனி, மறுநாள் காலை திருப்பலி. இதற்காக இலங்கைக் கடற்படை தற்காலிக இறங்குதுறை அமைக்கிறது; தண்ணீரும் கழிப்பறை வசதியும் வெளியிலிருந்து வருகின்றன. 2016 இறுதியில் புதிய ஆலயம் எழுந்தது. ஆனாலும் வருகிற ஆயிரக்கணக்கானவர்களை ஏந்திக்கொள்வது அதைச் சுற்றியுள்ள வெட்டவெளிதான்.

பந்தல்கால் நட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் பந்தலை நாம் ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடுகிறோம். வரைபடத்தில் அதற்கு இடமே இருப்பதில்லை. இத்தகைய இடங்களில் நிலையான வேலை தரைக்குக் கீழேதான்: வடிகால், கால் ஊன்றும் குழிகள், தண்ணீர்த் தொட்டிக்கான மேடை. மேலே நிற்பவை எல்லாம் கழற்றக்கூடியவையாக, படகில் ஏற்றக்கூடியவையாக இருக்கட்டும். இரு கரையிலிருந்தும் வருவோர் இறங்கும் வழி ஒரே தரத்தில் அமையட்டும். ஒருவருக்கு முன்வாசல், மற்றவருக்குக் கொல்லைப்புறம் என்றால் அங்கேயே ஒற்றுமை முடிந்தது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. இலங்கை உள்நாட்டுப் போர்க்காலத்தில் பல ஆண்டுகள் இந்தத் திருவிழா நடக்கவில்லை. 2024-இல், தமிழக மீனவர்களுக்கு இலங்கை விதித்த சிறைத்தண்டனையைக் கண்டித்து இராமேசுவரம் மீனவர்கள் அதைப் புறக்கணித்தார்கள். கடலில் தீராத வழக்கைக் கூடுமிடம் தீர்த்துவைக்காது. வழக்கு ஓயும்வரை கெட்டுப்போகாமல் காத்திருப்பதே அதனால் முடிந்தது.

இத்தாலியின் கொரீட்சியாவுக்கும் சுலோவேனியாவின் நோவா கொரிட்சாவுக்கும் நடுவே, ரயில் நிலையத்தின் முன்னுள்ள சதுக்கமும் இதையே காட்டுகிறது. 1947-இல் வகுத்த எல்லைக்கோடு அதன் குறுக்கே போனது. 2004-இல் அங்கிருந்த எல்லை வேலியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தரையோடு தரையாக ஒரு வட்டப் பதிப்பை வைத்தார்கள். 2020-இல் கொரோனா வந்ததும் சதுக்கத்தின் நடுவே மறுபடி வேலி. இரு பக்கத்தாரும் அதனருகே வந்து நின்று பேசினார்கள். சில மாதங்களில் வேலி போனது. உடைக்கவோ சீர்செய்யவோ பெரிதாக எதுவும் இல்லாத வெறும் தரை என்பதால், சதுக்கம் மறுநாளே சதுக்கமாகிவிட்டது. 2025-இல் இரு நகரங்களும் சேர்ந்து ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரானபோது விழாவுக்கும் அது இடம் தந்தது.

நாம் ஒப்படைக்கும் கோப்பில் திருவிழா நாளின் வரைபடம் எப்போதும் இருக்கிறது, கூட்டமும் கொடியும் வண்ணமுமாக. அதோடு இன்னொரு தாளையும் இணைப்போம்: வழி அடைத்த ஆண்டில் அந்த இடம் எப்படி இருக்கும், யார் பார்த்துக்கொள்வார்கள், திறந்த மறுநாள் எத்தனை மணி நேரத்தில் பந்தல் எழும் என்று. அந்தத் தாளை நிரப்ப முடியவில்லையென்றால் முதல் தாளையும் திருத்த வேண்டியிருக்கும்.